பாரிஸில் இறங்கும் முதல் இரவு: சிக்கனமாக வருபவருக்கு ஒரு விரிவான பதில்

நண்பரின் மகன் கேட்டிருக்கிறான். வயது 23, மதுரையில் வேலை, ஐரோப்பாவுக்கு இதுதான் முதல் பயணம். செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எட்டேகாலுக்கு பாரிஸில் இறங்குகிறான், ஞாயிறு மாலை திரும்புகிறான். விமானச் சீட்டும் விசாவும் போக, நாளுக்கு 65 யூரோ வீதம் கையில் இருக்கும். "மாமா, ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள் எப்படி வருவது? ரூமை வந்து பார்த்து எடுத்தால் மலிவாகக் கிடைக்குமா? இந்தக் காசில் சமாளித்துவிட முடியுமா?" இதுதான் கேள்வி.

முடியும் தம்பி. 14 ஆண்டாக இந்த ஊரில் இருக்கிறேன், வந்து போகிற பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். காசு கரைந்துபோனவர்களில் பெரும்பாலோருக்கு அது கரைந்தது விமானம் இறங்கிய முதல் மூன்று மணி நேரத்தில்தான். பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்த களைப்பு, போனில் நெட் இல்லை, இருட்டு, புரியாத மொழி. அந்த நேரத்தில் யார் என்ன விலை சொன்னாலும் தலையாட்டத் தோன்றும். அதனால் அந்த மூன்று மணி நேரத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் மதுரையிலேயே முடிவு செய்துவிட்டு வா. அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் ரூம். வந்து பார்த்து எடுக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடு. மலிவு கிடைக்காது என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், எல்லையில் பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரி எங்கே தங்குகிறாய் என்று கேட்கலாம். வருபவரிடம் நாளுக்கு எவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்று பிரான்ஸ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தங்குமிடம் பதிவு செய்த தாள் இருந்தால் 65 யூரோ, இல்லாவிட்டால் 120 யூரோ. உன் கையில் இருப்பது சரியாக அந்த 65. பதிவுத் தாள் இருந்தால் நீ தகுதியானவன், இல்லாவிட்டால் பாதிக் காசோடு நிற்பவன். தங்குமிடப் பதிவு, திரும்பும் சீட்டு, விசாவுக்கு எடுத்த பயணக் காப்பீடு மூன்றையும் தாளில் அச்சடித்து, பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கையில் வை. போனில் இருக்கிறது என்று நம்பாதே, வரிசையில் நிற்கும்போதுதான் சார்ஜ் தீரும்.

அந்த வரிசையும் இப்போது நீளம். 2025 அக்டோபர் 12 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர்களின் விரல்ரேகையையும் முகப் படத்தையும் கணினியில் பதிவு செய்யும் முறை வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக வந்த ஏற்பாடு இது. எட்டேகாலுக்கு இறங்கினால், பெட்டியும் எடுத்துக்கொண்டு வெளியே வர பத்து மணி ஆகலாம் என்று வைத்துக்கொள்.

எங்கே தங்குவது? தனி ரூம் உன் கணக்குக்கு ஒத்துவராது. பயணிகள் ஹாஸ்டலில் ஆறு பேர், எட்டு பேர் படுக்கும் அறையில் ஒரு படுக்கை எடு. செப்டம்பரில் 35 முதல் 50 யூரோ வரை வரும். முன்கூட்டிப் போட்டால் குறையும். பதிவு செய்யும் முன் நான்கு விஷயம் பார்: இரவு முழுக்க வரவேற்பில் ஆள் உண்டா, பூட்டி வைக்க லாக்கர் உண்டா, தங்குபவர்களிடம் நகராட்சி வாங்கும் ஊர் வரி விலையில் சேர்ந்திருக்கிறதா, அஞ்சல் எண் என்ன.

அஞ்சல் எண்ணைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் ஏமாறுவது இங்கேதான். பாரிஸ் 20 வட்டாரங்களாகப் பிரிந்த ஊர். நடுவில் தொடங்கி நத்தை ஓடு மாதிரி சுற்றிக்கொண்டே வெளியே போகும். 75-ல் தொடங்கும் எண் பாரிஸ், கடைசி இரண்டு இலக்கம் வட்டாரம். 75010 என்றால் பத்தாவது வட்டாரம். 92, 93, 94, 95 என்று தொடங்கினால் பெயரில் என்ன போட்டிருந்தாலும் அது ஊருக்கு வெளியே. வெளியே என்பதாலேயே ஒதுக்க வேண்டியதும் இல்லை. 2025 ஜனவரி முதல் மெட்ரோ, ரயில் டிக்கெட் ஒரே விலையாகிவிட்டது, ஏர்போர்ட் தவிர தூரம் எவ்வளவானாலும் அந்த ஆண்டு 2.50 யூரோ (ஆண்டுதோறும் ஜனவரியில் சில்லறை ஏறும்). அதனால் பந்தேன், மோந்த்ரேய், சேந்துவான் மாதிரி மெட்ரோ போகிற புறநகரில் மலிவாகப் படுக்கை கிடைத்தால் எடுக்கலாம். மெட்ரோவே இல்லாமல் புறநகர் ரயிலை மட்டும் நம்பியிருக்கும் இடத்தை எடுக்காதே. இரவு பதினொன்றுக்கு ஆளில்லாத ஸ்டேஷனில் இறங்கி, பையோடு இருபது நிமிஷம் நடப்பது முதல் பயணத்துக்கு வேண்டாம்.

உனக்கு நான் சொல்வது பத்தாவது வட்டாரம், கார் து நோர் எனப்படும் வடக்கு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில். அந்தப் பக்கம் அழகு என்று சொல்ல மாட்டேன். கூட்டம், சத்தம், ஸ்டேஷன் வாசலில் வேலையில்லாமல் நிற்பவர்கள் எல்லாம் உண்டு. ஆனால் ஏர்போர்ட் ரயிலிலிருந்து வேறு வண்டி மாறாமல் இறங்கலாம், ராத்திரி தாமதமாகவும் தெருவில் ஜனநடமாட்டம் இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு, சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

ஹாஸ்டலுக்குப் பதில் ஒருவருடைய வீட்டை வாடகைக்கு எடுத்தால் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்: தெருக்கதவின் எண். இங்கே பல கட்டிடங்களில் வாசலில் அழைப்புமணிக்குப் பதில் எண்பலகைதான் இருக்கும். எண் தெரியாவிட்டால் உள்ளே இருப்பவருக்கு நீ வந்ததே தெரியாது.

சரி, இப்போது ஏர்போர்ட்டிலிருந்து வருவது. சார்லஸ் டி கோல் விமான நிலையம் ஊரிலிருந்து வடகிழக்கே 25 கிலோமீட்டர். அங்கிருந்து ஆர்.இ.ஆர். பி என்ற ரயில் நேராக ஊருக்குள் வருகிறது. ஏர்போர்ட்டில் அதற்கு இரண்டு ஸ்டேஷன். டெர்மினல் 2-ல் இறங்கினால் அங்கேயே ஒன்று இருக்கிறது. டெர்மினல் 1 அல்லது 3 என்றால் மற்றது. டெர்மினல் 1-லிருந்து அங்கே போக ஆள் ஓட்டாத சிறிய ரயில் ஒன்று இலவசமாக ஓடுகிறது. உன் டெர்மினல் எண்ணைச் சீட்டில் பார்த்துக் குறித்துக்கொள். கார் து நோர் வர அரை மணி நேரம். சில வண்டிகள் நடுவில் எங்கும் நிற்காமல் வரும், சில எல்லா ஸ்டேஷனிலும் நின்று வரும், எதில் ஏறினாலும் வந்துவிடலாம். கடைசி வண்டி நள்ளிரவை ஒட்டி. ஆனால் தண்டவாள வேலை இருக்கும் இரவுகளில் முன்பே நிறுத்திவிட்டு மாற்றுப் பேருந்து விடுவார்கள். கிளம்பும் முந்தின நாள் போக்குவரத்து நிறுவனத்தின் செயலியில் அன்றைய இரவு எப்படி என்று பார்த்துவிடு. ரயிலே போய்விட்டால் கலங்காதே, நொக்திலியான் என்ற இரவுப் பேருந்துகளில் என்140, என்143 இரண்டும் கார் து நோருக்குப் பக்கத்தில் இருக்கும் கிழக்கு ரயில் நிலையத்துக்கு வரும். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எடுக்கும், அவ்வளவுதான்.

டிக்கெட் விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஏர்போர்ட்டிலிருந்து வரத் தனி டிக்கெட், 2025 விலைப்படி 13 யூரோ. போக 13, வர 13, ஆக 26. வாராந்தர அட்டை ஒன்று இருக்கிறது: நவிகோ தேகூவெர்த். அட்டைக்கு 5 யூரோ, அதில் ஒரு வாரம் ஏற்ற 2025-ல் 31.60. மொத்தம் 36.60. ஏர்போர்ட் ரயில், மெட்ரோ, பஸ், டிராம், வெர்சாய் அரண்மனைக்குப் போகும் ரயில் எல்லாம் இதில் அடக்கம். வித்தியாசம் பத்து யூரோ சொச்சம். ஊருக்குள் ஐந்து தடவை மெட்ரோ ஏறினாலே அட்டை லாபம், நீ ஒரு நாளிலேயே நான்கு தடவை ஏறுவாய்.

அட்டையின் வாரம் திங்கட்கிழமை தொடங்கி ஞாயிறு நள்ளிரவில் முடியும். எந்தக் கிழமையில் வாங்கினாலும் அப்படித்தான். நடப்பு வாரத்துக்கான அட்டை வியாழன் வரை கிடைக்கும், வெள்ளியிலிருந்து அடுத்த வாரத்துக்குத்தான் தருவார்கள். நீ செவ்வாய் வந்து ஞாயிறு போகிறாய், உனக்காகவே செய்தது போல் பொருந்துகிறது. வெள்ளி வந்து செவ்வாய் போகிறவருக்கு இதே அட்டை வீண், அவர் தனித்தனி டிக்கெட் எடுப்பதே நல்லது. அட்டையில் ஒட்ட மூன்று சென்டிமீட்டர் உயரம், இரண்டரை அகலத்தில் ஒரு போட்டோ வேண்டும். ஊரிலேயே வெட்டி எடுத்து வா. ஏர்போர்ட் ஸ்டேஷனில் பெட்டிக்கடை மாதிரி இயந்திரத்தில் படம் எடுத்தால் அதற்கும் காசு, அதற்கும் ஒரு வரிசை. படத்தை ஒட்டி, பெயரை எழுதினால்தான் அட்டை செல்லும், வெறும் அட்டையோடு பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம். போனிலேயே ஏற்றிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது, சில ஆண்ட்ராய்டு போன்களில் வேலை செய்வதில்லை என்பதால் அதை நம்பி வராதே.

டிக்கெட் இயந்திரத்தின் பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒருவர் உதவ வருவார். உன்னிடம் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு தன் கார்டில் டிக்கெட் எடுத்துத் தருவார். கையில் கிடைப்பது குழந்தைகள் டிக்கெட்டாகவோ முன்பே உபயோகித்ததாகவோ இருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு கவுன்ட்டருக்குப் போ.

அதேபோல் பெட்டி எடுத்து வெளியே வரும் இடத்திலேயே "டாக்ஸி, டாக்ஸி" என்று வருபவர்கள். நான் முதல் முறை வந்தபோது இப்படி ஒருவரின் பின்னால் போனேன். நல்ல மழை. ஊருக்குள் இறக்கிவிட்டு 110 யூரோ கேட்டார், பெட்டி வண்டிக்குள் இருந்தது, கொடுத்தேன். என் முதல் வாரத்துச் சாப்பாட்டுக் காசு அதோடு போயிற்று. அப்போது நிலையான கட்டணம் கிடையாது, 2016 மார்ச்சில்தான் வந்தது. இப்போது முறையான டாக்ஸியில் சேன் நதியின் வலக்கரைக்கு, அதாவது ஊரின் வடபாதிக்கு, 56 யூரோ, இடக்கரையான தென்பாதிக்கு 65 என்று வரையறுத்திருக்கிறார்கள் (2025 விலை). அது வண்டிக்கான கட்டணம், ஆளுக்கு இல்லை. இரவானாலும் பெட்டி இருந்தாலும் அது ஏறாது. முறையான வண்டிகள் வெளியே பலகை வைத்த வரிசையில் மட்டுமே நிற்கும், உள்ளே வந்து ஆள் பிடிக்க அவர்களுக்கு அனுமதியே இல்லை. மூன்று நான்கு பேர் சேர்ந்து வந்தால், நள்ளிரவில், இந்த டாக்ஸி ரயிலுக்குச் சமம். தனியாக வரும் உனக்கு ரயில்தான்.

(மலிவு விமானத்தில் வேறு ஐரோப்பிய ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: "பாரிஸ் பொவே" என்று போட்டிருந்தால் அது பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். பேருந்துக் கட்டணத்தையும் ஒன்றேகால் மணி நேரத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு மலிவா என்று முடிவு செய்யுங்கள்.)

ரயிலில் ஏறியதும் பையை மடியில் வை, பாஸ்போர்ட் சட்டைக்குள் இருக்கட்டும். ஏர்போர்ட்டிலிருந்து வருகிறவர்களை எதிர்பார்த்தே பிக்பாக்கெட்காரர்கள் இந்த வண்டியில் ஏறுகிறார்கள். கதவு மூடும் மணி அடிக்கும் நொடியில் கதவுப் பக்கம் நிற்பவரின் போனைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி ஓடுவதுதான் அதிகம் நடப்பது. வழி பார்க்க வேண்டுமானால் உள்பக்கம் போய் உட்கார்ந்து பார். சக்கரம் வைத்த பெரிய பெட்டி கொண்டு வராதே. மெட்ரோ ஸ்டேஷன்களில் லிஃப்ட் அரிது, படிக்கட்டு ஏராளம். முதுகுப் பை ஒன்று போதும்.

காசு எடுப்பது பற்றி. உன் வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைச் செயலியில் நீயே திறந்துவிட வேண்டும், 2020 முதல் அது இயல்பாக மூடியே இருக்கும். இங்கே வந்தபின் ஓ.டி.பி. இந்திய சிம்முக்கு வரும் என்பதால் அந்த சிம்மும் உயிரோடு இருக்கட்டும். ஏர்போர்ட்டில் ரூபாயை மாற்றாதே. ஒரு வங்கியின் ஏ.டி.எம்.மில் எடு. திரையில் "ரூபாயில் கணக்கிடவா, யூரோவிலா" என்று கேட்டால் யூரோ என்று அழுத்து. ரூபாயை அழுத்தினால் அந்த இயந்திரக்காரர் வைத்ததே விலை. கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், இதே பதில். ஐஃபல் கோபுரத்தில் 2024 பிப்ரவரியில் யு.பி.ஐ. வந்தது, மகிழ்ச்சி. ரொட்டிக் கடையில் அது செல்லாது.

இனி சாப்பாடு. கார் து நோர் ஸ்டேஷனுக்குள்ளிருந்தே சுரங்கப்பாதை வழியாக லா சப்பெல் மெட்ரோவுக்கு நடந்துவிடலாம். தமிழர்கள் வாயில் அது லாச்சப்பல். எண்பதுகளில் இலங்கையிலிருந்து போரால் புலம்பெயர்ந்து வந்தவர்கள் கடை வைத்து உருவாக்கிய இடம். ஃபோபூர் சேந்தெனி தெருவின் மேல்கோடியிலும் அதை ஒட்டிய கேய் தெருவிலும் நடந்தால் தமிழ்ப் பலகைகள், புடவைக் கடை, முருங்கைக்காய், பழைய சினிமாப் பாட்டு. பத்து யூரோவுக்குள் வயிறு நிறைய இடியப்பமோ கொத்துரொட்டியோ சோறு கறியோ கிடைக்கும். 1985-ல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம் இப்போது பஜோல் தெருவில் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரத்தை ஒட்டி தேர் இழுப்பார்கள், பாரிஸ் தெருவில் தேங்காய் மலையாகக் குவிந்து உடையும். உன் தேதிக்கு அமைந்தால் விட்டுவிடாதே. முதல் நாள் இரவு களைத்து வருகிறவனுக்கு, தமிழில் "என்ன தம்பி, ஊரிலிருந்து இப்பத்தான் வாறீங்களோ?" என்று ஒருவர் கேட்கும் இடம் நடக்கிற தூரத்தில் இருப்பது பெரிய ஆறுதல். அந்தப் பக்கம் தங்கச் சொன்ன இன்னொரு காரணம் இதுதான்.

ஆனால் எல்லா வேளையும் அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகாதே, பாரிஸின் ரொட்டியை ருசிக்காமல் போவது பாவம். காலையில் பேக்கரியில் சுடச்சுட பகெத் என்ற நீள ரொட்டி ஒன்றே கால் யூரோவை ஒட்டி. மதியத்துக்கு சாண்ட்விச், பானம், இனிப்பு மூன்றும் சேர்த்து ஒரு விலை போட்டிருப்பார்கள், அதைக் கேள். காபி குடித்தால் கவுன்ட்டரில் நின்று குடி, மேசையில் உட்கார்ந்தால் விலை வேறு. உணவகத்தில் உட்கார்ந்தால் "ஊன் கராஃப் தோ" என்று கேள், குழாய்த் தண்ணீர் ஜாடியில் காசில்லாமல் வரும். சும்மா தண்ணீர் என்றால் பாட்டிலைத் திறந்து வைத்துவிடுவார்கள். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம், டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தெருவில் தாகம் எடுத்தால் நான்கு பெண் சிலைகள் தாங்கும் பச்சை நிற வாலஸ் குழாய்கள் இருக்கின்றன. முற்றுகையிலும் சண்டையிலும் ஊர் குலைந்துபோன பின், 1872-ல் ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயர் ஏழைகள் நல்ல தண்ணீர் குடிக்கட்டும் என்று தன் காசில் வைக்கத் தொடங்கியவை. இன்றைக்கும் அதே தண்ணீர்தான் உன் பாட்டிலில் நிறையும். தெருவோரப் பொதுக் கழிப்பறைகளும் இலவசம்.

கடைக்குள் நுழையும்போது எதற்கும் முன்னால் "போன்ஜூர்" சொல். நம் ஊரில் பெரியவர் வீட்டுக்குள் போகும்போது வணக்கம் சொல்லாமல் விஷயத்துக்குப் போனால் எப்படி இருக்கும், அப்படித்தான் அவர்களுக்கும். பாரிஸ்காரர்கள் கடுகடுப்பானவர்கள் என்று கேள்விப்பட்டிருப்பாய். அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பார், முகம் மாறும்.

மொத்தக் கணக்கு இப்படி வருகிறது. ஆறு நாளுக்கு 390 யூரோ. படுக்கை 45 வீதம் ஐந்து இரவு, 225. அட்டை 2025 விலையில் 36.60. மிச்சம் 128. லூவர் அருங்காட்சியகம் 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ ஆகிவிட்டது, முன்பு 22. போவதானால் புதனோ வெள்ளியோ போ, இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், கொடுத்த காசுக்கு ஆற அமரப் பார்க்கலாம். அது போக 96. முழுதாகச் சாப்பிட ஐந்து நாள், நாளுக்கு 19 யூரோ. மேலே சொன்ன மாதிரி சாப்பிட்டால் போதும், பரிசு வாங்க இடம் இருக்காது. லூவரை விட்டாலும் வருத்தப்பட ஒன்றுமில்லை. கார்னவலே, பெத்தி பாலே இரண்டும் நகராட்சி அருங்காட்சியகங்கள், அவற்றின் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணமே இல்லை. 2019 தீயில் எரிந்து 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர் தாம் தேவாலயத்துக்கும் இல்லை. என்னைக் கேட்டால் கார்னவலேயைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன், ஊரின் கதை முழுக்க அங்கே இருக்கிறது, அதற்குப் பிறகு தெருவில் நடப்பதே வேறு மாதிரி இருக்கும். ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ படிக்கும் உன் நண்பர்கள் யாராவது சேர்ந்துகொண்டால் சொல்லிவை: 26 வயதுக்குள் இருந்து, அங்கே வசிக்கும் அனுமதி அட்டையும் இருந்தால் லூவர் உட்பட அரசு அருங்காட்சியகங்களில் அவர்களுக்கு இலவசம். அட்டையைக் கையில் கொண்டு வர வேண்டும்.

ஏதாவது நடந்தால் 112. போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் அந்த எண் போதும், சிம் இல்லாத போனிலும் முயன்று பார். பாஸ்போர்ட், விசா பக்கங்களை போட்டோ எடுத்து உன் மின்னஞ்சலுக்கே அனுப்பிவை.

ஞாயிறு மாலை ஏர்போர்ட்டுக்குத் திரும்ப அதே அட்டை செல்லும். நள்ளிரவுக்குள் ஸ்டேஷனைவிட்டு வெளியேறிவிடு. ஞாயிறன்று தண்டவாள வேலை அதிகம், ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்பு. அட்டையைத் தூக்கிப் போடாதே. உன் பெயரும் படமும் உள்ள அட்டை, அடுத்த முறை வரும்போது அதிலேயே வாரத்தை ஏற்றிக்கொள்ளலாம், ஐந்து யூரோ மிச்சம்.